சம்பளம் கைக்கு வர முதல்: யாழ்ப்பாணத்தில் உழைக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு பண வழிகாட்டி

எனக்கு முதல் வேலை கிடைத்தபோது வயது 23. மூன்றாவது மாதம் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். ஐந்தாவது மாதம் சித்தி சேர்ந்திருந்த சீட்டில் நானும் ஒரு பங்கு சேர்ந்தேன். பிறகு ஒரு போன், தவணைக்கு. 25ஆம் திகதி சம்பளம் வரும். 27ஆம் திகதி பார்த்தால் பெற்றோல் காசும் மதியச் சாப்பாட்டுக் காசும்தான் மிஞ்சியிருக்கும். குடி இல்லை, சிகரெட் இல்லை, ஊர் சுற்றியதும் இல்லை. அப்படியிருந்தும் மாதக் கடைசியில் அம்மாவிடம் 500 ரூபா கேட்டு நின்றேன்.

அம்மா ஏசவில்லை. "எங்க எங்க போகுது எண்டு ஒருக்கா எழுதிக் காட்டு" என்றார். எழுதிய பிறகுதான் விளங்கியது: அடுத்த நான்கு வருடத்துச் சம்பளத்தில் பாதியை நான் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தேன். இனி வரப்போகும் ஒவ்வொரு மாதத்துக் காசிலும் வேறு யாரோ ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விடயத்தைப் பற்றியதுதான். தேநீரையும் பற்றீசையும் குறைத்துச் சேமிக்கச் சொல்லி நிறையப் பேர் புத்தி சொல்வார்கள். நம் ஊரில் இளம் பிள்ளைகளின் காசு தேநீரில் போவதை நான் கண்டதில்லை. கையெழுத்தில்தான் போகிறது.

முதற்படி: ஒரு கொப்பி, இரண்டு பக்கம்

போனில் செயலி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் மூன்று மாதம் ஒரு சீஆர் கொப்பியில் கையால் எழுதுங்கள். இடப்பக்கத்தில் கட்டுப்பட்ட காசு: லீசிங், சீட்டு, தவணை, வங்கிக் கடன், வீட்டுக்குக் கொடுக்கும் காசு. உங்களுக்கு மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போயே தீரும் காசு இது. வலப்பக்கத்தில் மற்றதெல்லாம்.

ஒரு பக்கத்தை எழுதியே பார்ப்போம். சம்பளம் 60,000 ரூபா. ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு 4,800 கழிய, கைக்கு 55,200. இடப்பக்கம்: வீட்டுக்கு 15,000, லீசிங் 13,000, சீட்டு 10,000, போன் தவணை 4,500. கூட்டினால் 42,500. மிச்சம் 12,700. பெற்றோலுக்கு 5,000 போனால் 7,700. முப்பது நாளால் பிரித்தால் ஒரு நாளைக்கு 256 ரூபா. ஒரு மதியச் சாப்பாட்டுப் பார்சலுக்கே அது காணாது. இந்தப் பிள்ளை ஊதாரி இல்லை. கணக்குத்தான் முதலிலேயே பிழைத்துவிட்டது.

வீட்டுக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு லீசிங், சீட்டு, தவணை, கடன் நான்கையும் மட்டும் கூட்டுங்கள். அது கைக்கு வரும் சம்பளத்தின் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது என்பது என் அளவுகோல். 55,200க்கு அது 18,400. மேலே எழுதிய பக்கத்தில் 27,500 போகிறது, அதாவது சரிபாதி. தாண்டியிருந்தால் புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏதாவது ஒன்று முடியும்வரை பொறுங்கள்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களும் நம்மில் அதிகம். மேசன் வேலை கார்த்திகை, மார்கழி மழையோடு படுத்துவிடும். வெங்காயமும் புகையிலையும் வைப்பவர்களுக்கு காசு போகத்துக்கு ஒருமுறைதான். கடலுக்குப் போகிறவர்களுக்கு காற்றும் கடலும் சொல்ல வேண்டும். இவர்கள் கடந்த வருடத்தில் ஆகக் குறைவாக வந்த மாதத்தை எடுத்து, அதையே 'சம்பளம்' என்று கொப்பியில் எழுத வேண்டும். அதைவிடக் கூட வரும் மாதங்களின் மேலதிகக் காசு செலவுக்கல்ல, வராத மாதங்களுக்கு.

இரண்டாம் படி: சேமலாப நிதி உண்மையில் போகிறதா?

பலர் பார்க்காமல் விடும் இடம் இது. தனியார் துறையில் வேலை செய்தால், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேல் முதலாளி தன் காசில் 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குக் கட்ட வேண்டும். 60,000 சம்பளத்துக்கு சேமலாப நிதியில் மாதம் 12,000, நம்பிக்கை நிதியில் 1,800. அந்தச் சட்டம் ஒரே ஒருவர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும். "சின்னக் கடைக்கு அதெல்லாம் இல்லைத் தம்பி" என்று சொன்னால் அது சரியில்லை. 12 வீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே கழிப்பதும் சரியில்லை.

உங்கள் அங்கத்துவ இலக்கத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கேட்டு எழுதி வையுங்கள். காசு உண்மையாகவே போகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது மீதியைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் கழித்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்கள் உண்டு. எனக்கே ஒரு இடத்தில் எட்டு மாதம் அப்படி நடந்தது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. சம்பளச் சீட்டுகளை எறியாமல் வைத்திருந்ததால்தான் பிறகு அதை வாங்க முடிந்தது.

சேமலாப நிதிக் காசை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ நிபந்தனைகளோடு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கவும் வழி இருக்கிறது. இருபத்தைந்து வயதில் அதை நினைக்காமல் விட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: சம்பளத்துக்கு அடுத்த நாள்

இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். ஒன்றில் சம்பளம் விழும், அதற்கு அட்டை இருக்கும். மற்றதற்கு அட்டையும் வேண்டாம், போன் செயலியும் வேண்டாம். காசு எடுக்க வேண்டுமானால் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று படிவம் நிரப்ப வேண்டும். அந்த அரை மணித்தியாலச் சிரமம்தான் உங்கள் காவல். சம்பளம் வந்த அடுத்த நாள் தானாகவே இரண்டாவது கணக்குக்கு ஒரு தொகை போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். 3,000 என்றாலும் சரி. மிஞ்சினால் போடுவோம் என்று இருந்தால் ஒருநாளும் மிஞ்சாது.

எவ்வளவு சேர வேண்டும்? வீட்டின் மூன்று மாதச் செலவு. பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் அவசரமாக வெளியில் ஒரு ஸ்கான் எடுக்க வேண்டி வந்தால், அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், வேலை நின்றால், அந்த நேரத்தில் வட்டிக்காரரின் படியேறாமல் இருப்பதற்கான காசு இது. முதல் ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள். அதற்கு மேல் சேர்வதை மூன்று மாத நிலையான வைப்பாகத் துண்டு துண்டாகப் போடுங்கள். ஒரே பெரிய வைப்பாகப் போட்டால், 20,000 தேவைப்படும் நாளில் முழுவதையும் உடைத்து வட்டியை இழக்க வேண்டி வரும்.

எங்கே போடுவது? மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இடத்தில் மட்டும். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்குச் சட்டப்படி அரசே முழுப் பொறுப்பு. ஊரில் யாரோ 'மாதம் பத்து வீதம்' தருவதாக ஆள் சேர்த்தால், அது யார் சொன்னாலும், கோயில் தர்மகர்த்தா சொன்னாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

2022ஐ நாம் மறக்க முடியாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் கிடந்தோம். வங்கியில் இருந்த காசின் பெறுமதி கண்முன்னே கரைந்தது. அதனால் சிலர் இப்போது காசாக எதையும் வைத்திருக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வருடம் கையில் கொஞ்சம் காசு வைத்திருந்தவர்கள் பெறுமதியை இழந்தார்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் நகையை இழந்தார்கள்.

நான்காம் படி: கடனின் உண்மை விலை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் லீசிங். மோட்டார் சைக்கிளின் விலை 6 லட்சம், நீங்கள் கட்டுவது 2 லட்சம், லீசிங் 4 லட்சம், 48 மாதம் என்று வைப்போம். "வட்டி 14 வீதம்தான்" என்கிறார்கள். அவர்கள் கணக்குப் போடும் முறை இது: 4 லட்சத்துக்கு வருடம் 56,000, நான்கு வருடத்துக்கு 2,24,000. மொத்தம் 6,24,000. 48ஆல் பிரித்தால் மாதம் 13,000. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த 4 லட்சம் நான்கு வருடமும் உங்கள் கையில் இருக்கப் போவதில்லை. ஒவ்வொரு மாதமும் வாங்கிய முதற்காசில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். இரண்டு வருடம் கழிந்த பின்னும் முழு 4 லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். குறைந்துவரும் மீதிக்கு வட்டி என்று கணக்கிட்டால் அந்த 14 வீதம் கிட்டத்தட்ட 24 வீதம் ஆகிறது. ஆகவே லீசிங் மேசையில் இருந்துகொண்டு கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வீதம்?" அல்ல. "குறைந்துவரும் மீதிக்கு எத்தனை வீதம்? எல்லாம் சேர்த்து நான் கட்டி முடிப்பது எவ்வளவு? இடையில் ஒரேயடியாகக் கட்டி முடித்தால் என்ன கழிவு? ஒரு தவணை பிந்தினால் என்ன கூலி?" இந்த நான்கையும் கேளுங்கள், பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போட்ட நாளில் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சைக்கிளின் நிறத்தைத்தான் கேட்டேன்.

மோட்டார் சைக்கிள் வேலைக்குத் தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு வேலைக்குப் போகிறவரிடம் பஸ்ஸில் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பழையது, நல்லது, கைக்காசுக்கு வருமென்றால் அதை முதலில் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது வட்டிக் காசு. நம் ஊரில் 'மூன்று வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று. ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, வருடம் 36,000. அதைக் கட்டிய பிறகும் அந்த ஒரு லட்சம் அப்படியே நிற்கும். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியவர் 1,08,000 கொடுத்திருப்பார், முதல் இன்னும் ஒரு லட்சம். நாளுக்கு நாள் மீற்றர் போல ஏறும் மீற்றர் வட்டி இதைவிடக் கொடியது. நுண்கடன் என்று கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று வாங்கும் கடனில், ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுத்து, எத்தனை பெண்கள் வடக்கில் நொந்து போனார்கள் என்பதை நாம் கண்டோம். உங்கள் வீட்டில் யாராவது அப்படி மாட்டியிருந்தால், உங்கள் சேமிப்பை விட முதலில் அந்தக் கடன். எந்த வைப்பும் 36 வீதம் வட்டி தரப் போவதில்லை.

நகையை வங்கியில் அடைவு வைப்பது இவற்றை விட எவ்வளவோ மேல். வட்டி குறைவு, அடைவுச் சீட்டு கையில் இருக்கும். ஆனால் அடைவுச் சீட்டில் முடிவுத் திகதி ஒன்று இருக்கிறது. அதைக் கடந்தால் ஏலம். எங்கள் வீட்டில் அம்மா அடைவுச் சீட்டுகளை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது, ஒன்றில் திகதி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது, அவரின் இரண்டு காப்பும் அதில். அன்றிலிருந்து வீட்டிலுள்ள எல்லாச் சீட்டின் திகதியும் என் போன் நாட்காட்டியில், ஒரு மாதம் முன்னதாகவே மணியடிக்கும்படி இருக்கிறது. இன்றைக்கே இதைச் செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

சீட்டு. இதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. வங்கி வாசலை மிதிக்கத் தயங்கிய எத்தனையோ அம்மாமார் சீட்டால்தான் பிள்ளைகளுக்குத் தோடு செய்தார்கள், கிணறு கட்டினார்கள். ஆனால் கழிவு கூறி எடுக்கும் சீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள். 20 பேர், மாதம் 10,000, சீட்டு 2 லட்சம். அவசரம் உள்ளவர் 40,000 கழிவு கூறி 1,60,000ஐ எடுக்கிறார். அந்த 40,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 2,000 குறைகிறது. அதாவது அவசரப்பட்டவர் வட்டி கட்டுகிறார், பொறுத்திருந்தவர் வட்டி வாங்குகிறார். கடைசியில் எடுப்பவருக்கு அது நல்ல சேமிப்பு. இரண்டாவது மாதம் எடுப்பவருக்கு அது விலை கூடிய கடன். இரண்டுக்கும் பெயர் சீட்டுத்தான். சீட்டுப் பிடிக்கும் தாச்சி ஓடிப்போனால் வைப்புக் காப்புறுதி எதுவும் கைகொடுக்காது. அதனால் தாச்சியின் வீடும் மற்றப் பங்காளிகளும் தெரிந்த சீட்டில், ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

பிணை நிற்பது பற்றி ஒரு சொல். நண்பனின் கடனுக்குப் பிணை நின்றால் அது உங்கள் கடனுந்தான். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். யார் எந்தக் கடன் எடுத்தார் என்று பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரிலுள்ள அறிக்கையிலும் அது தெரியும். நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தப் பழைய கையெழுத்து முன்னால் வந்து நிற்கும். சம்பளத்தைப் போல இதுவும் விற்கக்கூடிய ஒரு பொருள், உங்கள் பெயர். மச்சான் கேட்டாலும் "அம்மாவோட கதைச்சிட்டுச் சொல்றன்" என்று ஒரு இரவு தள்ளிப் போடுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டோடு பேசுவது

நம் வீடுகளில் காசைப் பற்றிக் கதைக்க மாட்டோம், சண்டை வரும்போது மட்டும் கதைப்போம். முதற் சம்பளம் வந்ததும் அம்மா அப்பாவோடு இருந்து, மாதம் இவ்வளவு தருவேன், இத்தனையாம் திகதி தருவேன் என்று சொல்லிவிடுங்கள். கேட்கக் கேட்கக் கொடுப்பதை விட அது அவர்களுக்கும் மரியாதை. தங்கச்சியின் படிப்பு, அக்காவின் கலியாணம், வீட்டுக் கூரை என்று வரிசையில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். சாமத்திய வீடோ கலியாணமோ திடீரென்று வருவதில்லை. இரண்டு வருடம் முன்னரே தெரியும். அதற்கென்று தனியாக மாதம் 4,000 போட்டாலும் 24 மாதத்தில் 96,000.

பெற்றோர் பவுன் வாங்கச் சொல்வார்கள். அதைப் பழங்காலப் புத்தி என்று தள்ளாதீர்கள். 1995 ஒக்டோபர் 30இல் போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீட்டையும் காணியையும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. தாலிக்கொடியைத்தான் கொண்டுபோக முடிந்தது. அவர்களுக்குப் பவுன் என்றால் அந்த இரவு. என் கருத்து: மூன்று மாதச் செலவுக் காசு சேர்ந்த பிறகு பவுன் வாங்கலாம். வாங்கினால் சேதாரமும் செய்கூலியும் குறைந்த தங்கக் காசாகவோ சாதாரண வளையமாகவோ வாங்குங்கள், பற்றுச்சீட்டில் கரட் எழுதியிருக்கிறதா பாருங்கள். வேலைப்பாடு கூடின நகை ஆசைக்கு, சேமிப்புக்கல்ல.

கனடாவிலிருந்து மாமாவோ சுவிஸிலிருந்து அண்ணாவோ அனுப்பும் காசை மாதச் செலவில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கும் வாடகை, பிள்ளைகள், வேலை போகும் பயம் எல்லாம் இருக்கிறது. அது வந்தால் கூரைக்கோ, கடன் அடைக்கவோ, படிப்புக்கோ போகட்டும்.

ஆறாம் படி: வெளிநாடு போகும் காசு

இதை எழுதாமல் விட்டால் இந்த வழிகாட்டி யாழ்ப்பாணத்துக்கானது ஆகாது. காணியை ஈடு வைத்து, மூன்று வட்டிக்கு லட்சக்கணக்கில் எடுத்து, ஏஜென்சிக்குக் கட்டிவிட்டு விசாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எந்த ஒழுங்கையிலும் உண்டு. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20 லட்சத்தை மூன்று வட்டிக்கு எடுத்தால் மாதம் வட்டி மட்டும் 60,000. விசா ஆறு மாதம் இழுத்தால் 3,60,000 போய்விடும், இன்னும் விமானமே ஏறவில்லை. மறுத்தால் என்ன செய்வது என்று காசு எடுக்க முதல் வீட்டில் எல்லோரும் இருந்து கதைக்க வேண்டும்.

வேலைக்கு அனுப்புகிறவர் என்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று பணியகத்திலேயே கேளுங்கள். அவர் காட்டும் போட்டோக் கொப்பியை நம்பாதீர்கள். எந்தக் காசும் பற்றுச்சீட்டோடு, முடிந்தால் வங்கி ஊடாக. விசா வராவிட்டால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் கொடுக்கும் காசு திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம்.

ஏழாம் படி: மூன்று தாள் வேலை

வரி அடையாள இலக்கம் எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் வருடம் 18 லட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனாலும் வைப்பு வட்டியில் வங்கி 10 வீதத்தை வரியாகப் பிடிக்கும். உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். பலர் தெரியாமல் விடும் காசு இது.

எல்லா வங்கிக் கணக்கிலும் சேமலாப நிதியிலும் உங்களுக்குப் பின் யாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுங்கள். கலியாணம் ஆனதும் மாற்றுங்கள்.

கடைசியாக, ஒரு உறை. அதற்குள் வங்கிப் புத்தகங்களின் பிரதி, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், லீசிங் ஒப்பந்தம், அடைவுச் சீட்டுகள், சீட்டில் யாருக்கு எவ்வளவு கட்டினோம் என்ற தாள். இடம்பெயர்வுகளில் புத்தகமும் உறுதியும் தொலைத்து, தன் காசைத் தன் காசு என்று நிரூபிக்க வருடக்கணக்கில் அலைந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.